சுற்றுச்சூழலைக் காப்பது ஒப்பந்த வேலையல்ல

ஓராண்டு கடந்துவிட்டது. 2024 ஜூலை 13 அன்று, திருவனந்தபுரம் தம்பானூர் ரயில் நிலையத்தின் இருப்புப்பாதைகளுக்கு அடியில் செல்லும் ஆமையிழஞ்சான் தோட்டில் குப்பை அள்ள இறங்கிய ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் பெருகிவந்த மழைநீரில் அடித்துச் செல்லப்பட்டார். தீயணைப்புப் படையும் முக்குளிப்பவர்களும் தேசியப் பேரிடர் மீட்புப் படையும் கடற்படையும் தேடின. 46 மணி நேரத்துக்குப் பிறகு, சுரங்கக் கால்வாயைத் தாண்டி, தகரப்பறம்புப் பகுதியில் அவரது உடல் கிடைத்தது. அவரைத் தேடுவதற்கு ரோபோ இயந்திரங்கள் கொண்டுவரப்பட்டன. ஆனால், அவர் செய்த வேலையைச் செய்வதற்கு எந்த இயந்திரமும் கொண்டுவரப்படவில்லை. மனிதர் இறங்காமலேயே பாதாளச் சாக்கடையைச் சுத்தம் செய்யும் இயந்திரத்தை வடிவமைத்து நாடெங்கும் விற்கும் நிறுவனம் இதே நகரத்தில்தான் இயங்குகிறது என்பது இந்த மரணத்தை இன்னும் கொடியதாக்குகிறது.

அந்த இரண்டு நாட்களிலும் அதற்குப் பின்னரும் நடந்த வாதம் நாட்டு மக்களுக்கு நினைவிருக்கும். தோட்டைப் பராமரிப்பது நீர்ப்பாசனத் துறையின் வேலை, குப்பையைத் தடுப்பது மாநகராட்சியின் வேலை என்றது ரயில்வே. தன் நிலத்துக்குள் ரயில்வே யாரையும் விடுவதில்லை என்றது மாநகராட்சி. வேலையை ஏற்றிருந்தவர் ஒப்பந்ததாரர். வேலையைச் செய்தவர் அந்த ஒப்பந்ததாரரின் ஆள். கேரள உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. மாநில அரசு குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் அறிவித்தது. ஒவ்வொரு அலுவலகத்திலும் அந்தத் தோடு குறித்து ஒரு கோப்பு இருந்தது. பொறுப்பு மட்டும் எந்த அலுவலகத்திலும் இல்லை.

இது ஒரு நகரத்தின் நிர்வாகக் குழப்பம் மட்டுமே என்று கருதினால் நாம் ஏமாந்துபோவோம். இந்தியாவில் சுற்றுச்சூழல் நிர்வாகம் கடந்த முப்பது ஆண்டுகளில் எப்படி மாற்றப்பட்டிருக்கிறது என்பதன் விளைவு இது. நிரந்தரப் பொறுப்புகளைக் கொண்ட துறைகள் வறண்டுபோக விடப்பட்டன. அவற்றின் இடத்தில் ‘மிஷன்’கள், ‘திட்டங்கள்’, ‘சிறப்பு நோக்க நிறுவனங்கள்’, ‘திட்ட மேலாண்மைப் பிரிவுகள்’ வந்து அமர்ந்தன. உச்சியில் ஒப்பந்தத்தில் அமர்த்தப்பட்ட திட்ட மேலாளர்; அடியில் ஒப்பந்தத்தில் இறக்கிவிடப்பட்ட துப்புரவுத் தொழிலாளி. இருவருக்கும் நடுவே இருந்த பொறுப்புள்ள பொது நிர்வாகம் கரைந்துகொண்டிருக்கிறது.

திருவனந்தபுரம் கோட்டைப் பகுதிக்குத் தெற்கே, பெரிய கோயில் குளத்தைச் சுற்றி அமைந்திருக்கிற ஸ்ரீவராகத்தில் வாடகை வீட்டில் குடியிருக்கும் ஓர் இளம் பொறியாளரை எண்ணிப் பாருங்கள். அவர் எந்தத் தனி மனிதரும் அல்லர். இத்தகைய ஆயிரக்கணக்கானோரின் பிரதிநிதி. சுற்றுச்சூழல் பொறியியலில் முதுகலைப் பட்டம் பெற்றவர். கிழக்கேகோட்டையில் பேருந்து ஏறி, பழவங்காடியைக் கடந்து, அரசின் சுற்றுச்சூழல் முகமை ஒன்றின் அலுவலகத்துக்குப் போகிறார். பதவியின் பெயர் திட்ட மேலாளர். ஊதியம் தொகுப்பூதியம். பணிக்காலம் ஓராண்டு, திட்டம் நீடித்தால், மேலிடத்துக்கு மனமிருந்தால் மீண்டும் ஓராண்டு. ஓய்வூதியம் இல்லை. பதவி உயர்வு இல்லை. மகப்பேறு விடுப்பையும்கூடக் கேட்டு வாங்க வேண்டிய நிலையில் பெண் ஊழியர்கள் இருக்கிறார்கள்.

அவர் என்ன வேலை செய்கிறார்? விரிவான திட்ட அறிக்கை தயாரிக்கிறார். ஒப்பந்தப்புள்ளி ஆவணங்களை எழுதுகிறார். காலாண்டு முன்னேற்ற அறிக்கையில் கட்டங்களை நிரப்புகிறார். ஒதுக்கிய நிதி செலவாகிவிட்டது என்பதற்கான பயன்பாட்டுச் சான்றிதழை உரிய தேதிக்குள் அனுப்பிவைக்கிறார். மேலிடம் அவரிடம் கேட்கும் கேள்வி, தோடு சுத்தமாகிவிட்டதா என்பதல்ல. ஒதுக்கீட்டில் எத்தனை விழுக்காடு செலவாகியிருக்கிறது என்பதே. அவர் நேர்மையானவராக இருக்கலாம். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கிறார்கள். ஆனால் அவரது நேர்மையை அளக்கும் கட்டம் எதுவும் அந்தக் காலாண்டு அறிக்கையில் இல்லை.

அவர் குடியிருக்கும் ஸ்ரீவராகத்திலிருந்து சிறிது தொலைவில்தான் முட்டத்தறை கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. ஜவகர்லால் நேரு தேசிய நகர்ப்புறப் புத்தாக்கத் திட்டத்தின் கீழ், நாளொன்றுக்கு 10.7 கோடி லிட்டர் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் திறனோடு கட்டப்பட்டு, 2013இல் செயல்பாட்டுக்கு வந்தது. நிலையம் எழும்பிவிட்டது, கழிவுநீரை அங்கே கொண்டுசேர்க்க வேண்டிய குழாய் வலைப்பின்னல் நகரின் எல்லாப் பகுதிகளையும் எட்டவில்லை. எனவே நீண்ட காலம் அந்த நிலையத்துக்கு முழு வேலை இருக்கவில்லை. வீடுகளிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் வெளியேறிய கழிவு தோடுகளிலும், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரீஜென்ட் கௌரி பார்வதி பாய் காலத்தில் வெட்டப்பட்ட பார்வதி புத்தனாற்றிலும் தொடர்ந்து கலந்தது. திட்டத்தின் கணக்கேட்டில் சுத்திகரிப்பு நிலையம் ஒரு நிறைவுற்ற பணி. நகரத்தின் கணக்கில் சாக்கடை இன்னமும் ஆற்றில்தான் ஓடுகிறது. திட்ட முறையின் சாரமே இதுதான்: கட்டி முடிக்கக் கூடியதைக் கட்டுகிறது; நாள்தோறும் செய்ய வேண்டியதை யாரிடமும் விடுவதில்லை.

இப்போது கேரளத்தின் நகர்ப்புறத் திடக்கழிவுக்கென்று உலக வங்கியும் ஆசிய உள்கட்டமைப்பு முதலீட்டு வங்கியும் தலா 10.5 கோடி டாலர் கடன் கொடுத்திருக்கின்றன. 2021இல் ஒப்புதல் பெற்ற கேரளத் திடக்கழிவு மேலாண்மைத் திட்டம் மாநிலத்தின் 93 நகர்ப்புற உள்ளாட்சிகளையும் உள்ளடக்குகிறது. மாநில அளவில் ஒரு திட்ட மேலாண்மைப் பிரிவு, மாவட்ட அளவில் ஒவ்வொரு பிரிவு, இவற்றுக்கு மேல் ஆலோசனை நிறுவனங்கள் என்று ஒரு முழு அடுக்கே எழுந்துள்ளது. கடன் முடியும் நாளில் திட்டமும் முடியும். திட்டம் முடியும் நாளில் அந்த நிபுணர்களும் வெளியேறுவார்கள். அவர்கள் ஆண்டுக்கணக்கில் தெருத்தெருவாக நடந்து கற்ற அறிவு, கோப்புகளோடு பெட்டிக்குள் போய்விடும். கடனையும் வட்டியையும் கட்டும் பொறுப்பு மட்டும் மக்களிடம் நிரந்தரமாகத் தங்கும்.

இங்கே நாம் அழுத்தமாகச் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு. சுற்றுச்சூழல் பாதுகாப்பு என்பது பல வேளைகளில் ‘முடியாது’ என்று சொல்லும் வேலை. இந்த ஆலைக்கு இசைவாணை கொடுக்க முடியாது. இந்தக் கழிவை இங்கே கொட்ட முடியாது. இந்த மழையில், இந்தச் சுரங்கத்துக்குள் ஒரு மனிதரை இறக்க முடியாது. அப்படி எழுதுகிற பேனாவுக்குப் பின்னால் பணிப் பாதுகாப்பு இருக்க வேண்டும். அடுத்த மார்ச் மாதம் தன் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுமா என்று தெரியாத ஒருவர், அமைச்சருக்கோ ஆலை முதலாளிக்கோ கடன் கொடுத்த வங்கிக்கோ பிடிக்காத ஒரு வரியை எப்படி எழுதுவார்? அவரைக் கோழை என்று ஏசுவது எளிது. அவரை அந்த நிலையில் வைத்திருப்பதுதான் ஆளும் வர்க்கத்தின் கொள்கை.

இதற்கு எதிர்ச்சான்றும் கேரளத்திலேயே இருக்கிறது. பாலக்காடு மாவட்டத்தில் குந்திப்புழையின் குறுக்கே அணை கட்டி சைலன்ட் வேலி மழைக்காட்டை மூழ்கடிக்க மாநில மின்வாரியம் முனைந்தபோது, அதை எதிர்த்து எழுதியவர்களும் ஊர் ஊராகப் பேசியவர்களும் யார்? அரசுக் கல்லூரித் தாவரவியல் பேராசிரியர் எம்.கே. பிரசாத் போன்றவர்களும், கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்தில் திரண்டிருந்த ஆசிரியர்களும் அறிவியலாளர்களும்தான். அவர்களில் பலர் அரசின் சம்பளம் பெற்றவர்கள். அரசின் திட்டத்தையே எதிர்த்து அவர்களால் பேச முடிந்தது. நிரந்தர வேலையும் தொழிற்சங்கமும் மக்கள் அமைப்பும் அவர்களுக்குப் பின்னால் இருந்தன. 1983இல் அணைத் திட்டம் கைவிடப்பட்டது. 1984இல் அந்தக் காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. இன்று அதே போன்ற ஒரு திட்டம் வந்தால், அதன் பாதிப்பை மதிப்பிடும் அறிக்கையை எழுதப்போவது திட்டத்தை முன்மொழிபவரே பணம் கொடுத்து அமர்த்தும் ஆலோசனை நிறுவனம். அதைச் சரிபார்க்க வேண்டிய அரசு அலுவலகத்தில் இருப்பவரோ ஒப்பந்த ஊழியர்.

ஒன்றியத்தை ஆளும் மோடி அரசாங்கம் இந்தப் போக்கைச் சட்டமாகவே ஆக்கிவருகிறது. 2023ஆம் ஆண்டின் ஜன் விஸ்வாஸ் சட்டம், 1986ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்திலும் 1981ஆம் ஆண்டு காற்றுச் சட்டத்திலும் இருந்த சிறைத் தண்டனைகளை அகற்றி அபராதமாக மாற்றியது. 2024இல் 1974ஆம் ஆண்டு நீர்ச் சட்டமும் அதே வழியில் திருத்தப்பட்டது. மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத் தலைவரை நியமிக்கும் முறையை வகுக்கும் அதிகாரத்தையும் ஒன்றிய அரசு எடுத்துக்கொண்டது. மாசு செய்வது குற்றமல்ல, அது கணக்கில் எழுதிக்கொள்ளத் தக்க ஒரு செலவினம் என்று முதலாளிகளுக்கு இதன் வழியாகச் சொல்லப்பட்டுவிட்டது. ‘எளிதாகத் தொழில் செய்தல்’ என்ற முழக்கத்தின் பொருள் இதுவே.

சட்டத்தை நீர்க்கச் செய்தபின் அதைச் செயல்படுத்த ஆட்கள் எதற்கு? மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களில் அனுமதிக்கப்பட்ட பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட பணியிடங்களில் ஏறத்தாழ பாதி காலியாக இருப்பது தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் முன் 2024இல் அம்பலமானது. நச்சுப் புகையில் மூச்சுத் திணறும் தில்லியின் மாசுக் கட்டுப்பாட்டுக் குழுவிலேயே 55 விழுக்காடு இடங்கள் காலி என்பதைக் கண்டு, 2025 மே மாதத்தில் உச்சநீதிமன்றம் நீதிமன்ற அவமதிப்பு நடவடிக்கை வரை போக நேர்ந்தது. படித்த இளைஞர்கள் வேலையின்றி அலைகிறார்கள். காற்றையும் நீரையும் சோதிக்க வேண்டிய நாற்காலிகள் காலியாகக் கிடக்கின்றன. இரண்டையும் இணைப்பதற்கு அரசாங்கத்துக்கு இருக்கும் தடை நிதியல்ல, கொள்கை.

தமிழ்நாட்டில் உள்ள நமக்கு இது அண்டை மாநிலத்துச் செய்தியல்ல. 2024 டிசம்பரில் திருவனந்தபுரத்து மருத்துவமனைகளின் கழிவுகள் திருநெல்வேலி மாவட்டம் நடுக்கல்லூர், கொடகநல்லூர் ஊர்களில் கொட்டிக் கிடந்ததைக் கண்டோம். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் மூன்று நாள் கெடு விதித்தபின் கேரள அதிகாரிகள் லாரிகளோடு வந்து அள்ளிச் சென்றார்கள். அன்று இரு மாநிலங்களிலும் சில சக்திகள் இதை மலையாளி – தமிழர் சண்டையாக்கப் பார்த்தன. மருத்துவமனை தன் கழிவை முகமையிடம் ஒப்படைத்தது; முகமை அதை அடுத்த கைக்கு மாற்றியது; கடைசியில் குப்பை, கேள்வி கேட்கும் வலிமையற்ற கிராமத்து மக்களின் வாசலில் வந்து விழுந்தது. அதே திருவனந்தபுரம் மாநகராட்சி தன் குப்பையைப் பத்தாண்டுக்கும் மேலாக விளப்பில்சாலை கிராமத்தில் கொட்டியதையும், 2011இல் ஊராட்சியும் மக்களும் திரண்டு அந்த ஆலையை மூடியதையும் நாம் மறக்கலாகாது. பாதிக்கப்பட்ட விளப்பில்சாலை மலையாளிகளும் நடுக்கல்லூர் தமிழர்களும் ஒரே அணியினர்.

தமிழ்நாட்டு அரசும் அதே பாதையில்தான் நடக்கிறது. காலநிலை மாற்றத்தை எதிர்கொள்ள 2021இல் ஒரு சிறப்பு நோக்க நிறுவனமாகப் பசுமை காலநிலை நிறுவனம் உருவாக்கப்பட்டது. மாவட்டங்களுக்கு இளம் வல்லுநர்கள் இரண்டாண்டுக் கால ஏற்பாட்டில் அனுப்பப்படுகிறார்கள். அவர்களது ஆர்வத்தை நாம் மதிக்கிறோம். ஆனால் கடலரிப்பும் வெப்ப அலையும் எண்ணூரின் எண்ணெய்க் கசிவும் இரண்டாண்டில் முடிந்துபோகும் சிக்கல்களா? சென்னையின் பெரும்பாலான மண்டலங்களில் குப்பை அள்ளும் பணி தனியாருக்குக் கைமாறிவிட்டது. மேலே பசுமை என்ற சொல்லும் கீழே ஒப்பந்தக் கூலியும் ஒன்றாகவே வளர்கின்றன.

இந்த ஏணியின் கடைசிப் படியில் நிற்பவர் யார் என்பதை சாதி தீர்மானித்திருக்கிறது. ஆலப்புழை நகராட்சியில் மலம் அள்ளிய தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தின் தலைமுறைகளை வைத்துத் தகழி சிவசங்கரப் பிள்ளை 1947இல் ‘தோட்டியின் மகன்’ நாவலை எழுதினார். சுந்தர ராமசாமி அதைத் தமிழுக்குத் தந்தார். வாளி போய்விட்டது. ஆனால் சாக்கடைக்குள் இறங்குவோரில் மிகப் பெரும்பாலோர் இன்றும் தலித்துகளே. 2013ஆம் ஆண்டுச் சட்டம் பாதாளச் சாக்கடையையும் கழிவுநீர்த் தொட்டியையும் பாதுகாப்பின்றிச் சுத்தம் செய்ய வைப்பதைக் குற்றமாக்கியது. 2023 அக்டோபரில் உச்சநீதிமன்றம் சாக்கடை மரணத்துக்கான இழப்பீட்டை 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. ஆனால் சாக்கடையாகவே மாறிவிட்ட ஒரு தோட்டில் இறந்தால்? அது நீர்வழியா, சாக்கடையா என்று அதிகாரிகள் வரையறை தேடிக்கொண்டிருப்பார்கள். மனிதக் கழிவு ஓடும் எந்த நீர்வழியும் சாக்கடையே என்று சட்டம் திருத்தப்பட வேண்டும்.

கேரளத்தின் இடது முன்னணி அரசிடம் நாம் கூடுதலாக எதிர்பார்த்தோம். எனவே கூடுதலாகக் கேட்கவும் வேண்டியிருந்தது. 1996இல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கம், மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் உள்ளாட்சிகளுக்கு அளித்து, கிராம சபையில் திட்டம் தீட்டும் வழியை நாட்டுக்குக் காட்டியது. அந்த மண்ணில் கழிவு மேலாண்மை இன்று பன்னாட்டு வங்கியின் நிபந்தனைக்குள் ஏன் அடைபட வேண்டும்? வீடு வீடாகச் சென்று பிளாஸ்டிக் கழிவைச் சேகரிக்கும் ஹரித கர்ம சேனையின் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் தொழிலாளர்கள் என்று ஏற்கப்படாமல், வீடுகள் தரும் பயனர் கட்டணத்தை நம்பி வாழும் ‘தொழில்முனைவோர்’ என்று ஏன் அழைக்கப்பட வேண்டும்? 2025 பிப்ரவரி 10 முதல் தலைமைச் செயலகத்தின் வாசலில் மழையிலும் வெயிலிலும் அமர்ந்திருந்த ஆஷா ஊழியர்களின் கேள்வியும் இதே வகையானதுதான். ஒன்றிய அரசு கேரளத்தின் நிதியை நெரிப்பது உண்மை. அந்த உண்மை உழைப்பவருக்கு உரிமையை மறுப்பதற்குக் காரணமாக முடியாது.

நிபுணத்துவம் தேவை, அரசுத் துறைகள் மந்தமானவை, நிரந்தர ஊழியர் ஊழல் செய்வதில்லையா என்று சிலர் கேட்கிறார்கள். நிபுணத்துவம் தேவைதான், ஆகவேதான் அதை ஓராண்டுக்கு வாடகைக்கு எடுக்காமல் நிலையாக வளர்க்க வேண்டும் என்கிறோம். நிரந்தர வேலை மட்டுமே நேர்மையைத் தந்துவிடாது என்பதையும் நாம் அறிவோம். ஸ்டெர்லைட் ஆலை தூத்துக்குடியில் இருபதாண்டுக்கும் மேல் நஞ்சு கக்கியபோது மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் நிரந்தர அதிகாரிகள் இருந்தார்கள். 2018 மே 22 அன்று மக்கள் தம் உயிரைக் கொடுத்த பின்னர்தான் ஆலையின் கதவு மூடியது. பணிப் பாதுகாப்போடு மக்களின் கண்காணிப்பும் சேர வேண்டும். சோதனை முடிவுகள் மக்கள் மொழியில் ஊர்ச் சுவரில் ஒட்டப்பட வேண்டும். அதிகாரி கிராம சபைக்கும் வார்டு சபைக்கும் நேரில் வந்து பதில் சொல்ல வேண்டும்.

போராட்டத்துக்கான கருவிகள் நம்மிடம் உண்டு. நிரந்தரத் தன்மை கொண்ட வேலையில் ஒப்பந்த முறையைத் தடைசெய்ய 1970ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின் 10ஆவது பிரிவு இடமளித்தது. நகரத்தின் தோட்டைச் சுத்தம் செய்வதைவிட நிரந்தரமான வேலை எது? மத்திய நீர் ஆணையத்தில் பத்தாண்டுகளுக்கும் மேல் துப்புரவும் தோட்ட வேலையும் செய்தவர்களை வெளியேற்றியது தவறு என்று 2024 டிசம்பர் 20 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்து, அவர்களைப் பணிவரன்முறை செய்ய ஆணையிட்டது. அரசு நிறுவனங்களே தற்காலிக ஊழியர் முறையைத் தவறாகப் பயன்படுத்துவதைக் கண்டித்தது. இந்த உரிமைகளை அடியோடு பறிக்கத்தான் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025இல் நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்டன; ‘குறித்த கால வேலை’ அவற்றில் சட்டபூர்வமாக்கப்பட்டுள்ளது. அவற்றுக்கு எதிராகத்தான் 2025 ஜூலை 9 பொது வேலைநிறுத்தத்தில் கோடிக்கணக்கான தொழிலாளர்கள் இறங்கினார்கள்.

அந்த வேலைநிறுத்தத்தின் தொடர்ச்சியாக நாம் எழுப்ப வேண்டிய கோரிக்கைகள் தெளிவானவை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களின் எல்லாக் காலியிடங்களையும் நிரந்தர நியமனத்தால், இடஒதுக்கீட்டைக் கடைப்பிடித்து நிரப்ப வேண்டும். மிஷன்களிலும் திட்டப் பிரிவுகளிலும் ஆண்டுக்கணக்கில் உழைக்கும் பொறியாளர்கள், மேலாளர்கள், களப்பணியாளர்களை நிரந்தரமாக்க வேண்டும். துப்புரவுப் பணியில் ஒப்பந்த முறையை ஒழித்து இயந்திரங்களை வழங்க வேண்டும். உயிருக்கு ஆபத்தான வேலையை மறுக்கும் உரிமையைச் சட்டமாக்க வேண்டும். ஒவ்வொரு நீர்வழிக்கும் பொறுப்பான ஒரே அமைப்பு எது என்பது எழுத்தில் வரையறுக்கப்பட வேண்டும்.

தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒப்பந்தப் பொறியாளர்களையும் திட்ட மேலாளர்களையும் ‘அதிகாரிகள்’ என்று ஒதுக்கிவிடும் பழக்கம் நம்மிடையே இருக்கிறது. அவர்களும் தங்களைத் தொழிலாளர்களாக எண்ணிக்கொள்வதில்லை. ஸ்ரீவராகத்திலிருந்து அலுவலகம் போகும் அந்த இளம் மேலாளரின் கையில் இருப்பதும் தோட்டில் இறங்கியவரின் கையில் இருந்ததும் ஒரே வகை வேலைதான். நாளைக்கு இல்லை என்றால் கேட்க நாதியற்ற வேலை. இருவரும் ஒரே சங்கத்தில் அமரும் நாளில், மழை கறுத்து வரும்போது ‘இன்று யாரையும் இறக்க முடியாது’ என்று ஒருவர் எழுதுவார்; ‘இறங்க மாட்டேன்’ என்று மற்றவர் சொல்வார். தம்பானூரில் 2024 ஜூலை 13 அன்று அந்த இரண்டு சொற்களும் இல்லாமல் போனதால்தான் ஓர் உயிர் போனது. அந்தச் சங்கத்தைக் கட்டும் வேலை நம்முடையது.